மூளையில் ரத்தக்குழாய் வெடிக்கப் போவதை ரத்தப் பரிசோதனை முன்கூட்டியே சொல்லுமா?

‘ஒரு சொட்டு ரத்தம் போதும்... மூளையில் ரத்தக்குழாய் வெடிக்கப் போவதை முன்பே சொல்லிவிடும்!’

இப்படி ஒரு தலைப்பை எங்கள் டெஸ்க்கில் நாங்களே டைப் செய்து வைத்திருந்தோம். கிளிக் அள்ளும் தலைப்பு. பப்ளிஷ் பட்டனை அழுத்தும் முன் பக்கத்து சீட்டிலிருந்து ஒரு கேள்வி வந்தது: “இதைப் படிச்சுட்டு ஒருத்தர் நாளைக்குக் காலையில லேபுக்குப் போனா, என்ன டெஸ்ட்னு கேட்பாரு?”

பதில் இல்லை. ஏன்னா, அப்படி ஒரு டெஸ்ட் மருத்துவப் பயன்பாட்டில் இல்லை. ஆய்வகங்களில் நடக்கும் முயற்சிகள் நிஜம். அந்த முயற்சிகளுக்கும் நாங்கள் எழுதிய தலைப்புக்கும் நடுவில் பெரிய இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளியில் என்ன இருக்கிறது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

முதலில், அனியூரிசம்னா என்ன?

பழைய சைக்கிள் டியூபில் ஓரிடத்தில் ரப்பர் மெலிந்துபோனால், காற்றடிக்கும்போது அந்த இடம் மட்டும் புடைத்துக்கொண்டு வரும் இல்லையா? அதுபோல மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனியின் சுவர் ஓரிடத்தில் பலவீனமாகி, சின்னப் பை போலப் புடைப்பதுதான் மூளை அனியூரிசம். பெரும்பாலும் ரத்தக்குழாய் இரண்டாகப் பிரியும் இடங்களில்தான் இது வரும். ஓடிவரும் ரத்தம் மோதித் திரும்பும் இடம் அது.

பெரியவர்களில் 100 பேரை எடுத்தால் சுமார் 3 பேருக்கு இது இருக்கும் என்கிறது 2011-ல் வெளியான ஒரு பெரிய தொகுப்பாய்வு. படிக்கும்போதே பயம் வருகிறதா? அடுத்த வரியையும் படியுங்கள். அவர்களில் பெரும்பாலானோருக்கு அது வாழ்நாள் முழுக்க வெடிப்பதே இல்லை. இருப்பதே தெரியாமல் வாழ்ந்து முடித்துவிடுகிறார்கள்.

ஆனால் வெடித்தால் கதை வேறு. மூளையின் மேற்பரப்பைச் சுற்றியுள்ள இடத்தில் ரத்தம் கொட்டும். ‘சப்அரக்னாய்டு ரத்தக்கசிவு’ என்று இதற்குப் பெயர். உலக அளவில் ஓர் ஆண்டில் ஒரு லட்சம் பேரில் சுமார் 6 முதல் 9 பேருக்கு இது வருகிறது. அப்படி வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் இறந்துபோகிறார். பத்தில் ஒருவருக்கும் மேல் ஆஸ்பத்திரி வாசலைத் தொடும் முன்பே போய்விடுகிறார்கள். பிழைத்தவர்களிலும் பலருக்கு மறதி, பேச்சுத் தடுமாற்றம், தீராத சோர்வு.

ஆக, மருத்துவருக்கு முன்னால் இருக்கும் கேள்வி இதுதான்: எந்தப் பை வெடிக்கும், எந்தப் பை சும்மா இருக்கும்?

எமிலியா கிளார்க்குக்கு என்ன நடந்தது?

‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடரில் டெனேரிஸாக நடித்த எமிலியா கிளார்க்கை நம்மில் பலருக்குத் தெரியும். 2011 பிப்ரவரியில், முதல் சீசன் படப்பிடிப்பு முடிந்திருந்த நேரம். லண்டனில் ஒரு ஜிம்மில் உடற்பயிற்சி செய்துகொண்டிருந்தபோது தலையை யாரோ இறுக்கிப் பிடித்ததுபோல வலி. உடை மாற்றும் அறைக்குப் போனவர் அங்கேயே வாந்தியெடுத்து விழுந்தார். அப்போது வயது 24. சப்அரக்னாய்டு ரத்தக்கசிவு என்று ஸ்கேனில் தெரிந்தது. தொடை வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, அனியூரிசத்துக்குள் கம்பிச் சுருளை அடைத்து ரத்தக்கசிவை நிறுத்தினார்கள். அதன் பிறகு சில நாட்கள் தன் பெயரைக்கூட அவரால் சொல்ல முடியவில்லை. 2019-ல் ‘தி நியூயார்க்கர்’ இதழில் இதையெல்லாம் அவரே எழுதினார்.

இந்தக் கட்டுரைக்கு முக்கியமானது அதற்குப் பிறகு நடந்ததுதான். மூளையின் இன்னொரு பக்கத்தில் இரண்டாவது அனியூரிசம் ஒன்றும் இருந்தது. சின்னது, அப்படியே இருந்துவிடவும் வாய்ப்பு உண்டு. எனவே அவ்வப்போது ஸ்கேன் எடுத்துக் கவனித்து வந்தார்கள். 2013-ல் எடுத்த ஸ்கேனில் அது இரண்டு மடங்காக வளர்ந்திருந்தது. சிகிச்சையின்போது ரத்தக்கசிவு ஏற்பட்டு, கடைசியில் மண்டையோட்டைத் திறந்து அறுவை சிகிச்சை செய்ய வேண்டியதாயிற்று.

ஒரே ஆள், இரண்டு அனியூரிசம். ஒன்று எந்த அறிவிப்பும் இல்லாமல் வெடித்தது. இன்னொன்றை வெடிக்கும் முன்பே கண்டுபிடித்தார்கள். ஆனால் அதற்கான சிகிச்சையே உயிரைப் பறிக்கப் பார்த்தது. ‘அடுத்தது வெடிக்குமா’ என்று சொல்ல ஒரு ரத்தப் பரிசோதனை இருந்திருந்தால்? விஞ்ஞானிகள் தேடுவது இதைத்தான்.

இப்போது எப்படி முடிவெடுக்கிறார்கள்?

ஸ்கேனில் தெரியும் அளவு, வடிவம், இடம், நோயாளியின் வயது, ரத்த அழுத்தம், புகைப்பழக்கம், குடும்பப் பின்னணி ஆகியவற்றை வைத்துத்தான். 2014-ல் வெளியான ‘ஃபேசஸ்’ என்ற மதிப்பெண் முறை இதற்கு அதிகம் பயன்படுகிறது. எட்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் தரவிலிருந்து உருவாக்கப்பட்டது அது.

ஆனால் அந்தத் தரவு ஐரோப்பா, வட அமெரிக்கா, ஜப்பான் மக்களுடையது. ‘நீங்கள் எந்த மக்கள் கூட்டத்தைச் சேர்ந்தவர்’ என்பதற்கும் அதில் மதிப்பெண் உண்டு. ஃபின்லாந்துக்காரருக்கு ஒரு மதிப்பெண், ஜப்பானியருக்கு ஒரு மதிப்பெண். இந்தியருக்குத் தனிக் கட்டமே கிடையாது. மதுரையிலோ திருச்சியிலோ ஒரு நரம்பியல் மருத்துவர் இதைப் பயன்படுத்தும்போது, நம் ஆட்களுக்கு இது எவ்வளவு பொருந்தும் என்பதைத் தன் அனுபவத்தை வைத்துத்தான் கணிக்க வேண்டியிருக்கிறது.

அளவும் முழு நம்பிக்கைக்கு உரியதல்ல. ஜப்பானில் 5,720 பேரைப் பின்தொடர்ந்து 2012-ல் வெளியான ஆய்வில், ஓர் ஆண்டில் வெடிக்கும் வாய்ப்பு மொத்தத்தில் 1 சதவிகிதத்துக்குச் சற்றுக் கீழே. பெரிய அனியூரிசங்களுக்கு ஆபத்து அதிகம் என்பதும் அதில் தெளிவாகத் தெரிந்தது. ஆனால் சின்ன அனியூரிசங்கள்தான் எண்ணிக்கையில் மிக அதிகம். அதனால் வெடித்து ஆஸ்பத்திரிக்கு வருபவற்றிலும் சின்னவை கணிசமாக இருக்கின்றன.

ரத்தத்தில் எதைத் தேடுகிறார்கள்?

அனியூரிசம் வெறும் ‘பிளம்பிங்’ கோளாறு என்று நினைத்த காலம் போய்விட்டது. வெடித்த, வெடிக்காத அனியூரிசங்களின் சுவர்களை மைக்ரோஸ்கோப்பில் ஒப்பிட்டு, 2004-ல் ஃபின்லாந்தின் ஹெல்சிங்கி ஆய்வாளர்கள் ஒன்றைக் காட்டினார்கள். வெடித்த சுவர்களில் அழற்சி அதிகம். உடலின் பாதுகாப்புச் செல்கள் சுவருக்குள் புகுந்திருந்தன. சுவரைத் தாங்கும் தசைச் செல்கள் அழிந்திருந்தன.

அதாவது, வெடிப்பதற்கு முன் அந்தச் சுவரில் ஒரு சண்டை நடக்கிறது. சண்டை நடந்தால் அதன் தடயம் ரத்தத்தில் கொஞ்சமாவது மிதக்க வேண்டாமா? இப்படி ரத்தத்தில் அளக்கக்கூடிய தடயத்துக்குத்தான் ‘பயோமார்க்கர்’ என்று பெயர். இதில் மூன்று வகையைத் தேடுகிறார்கள்.

ஒன்று, அழற்சியைக் காட்டும் புரதங்கள். சி.ஆர்.பி., இன்டர்லூகின்-6 போன்றவை.

இரண்டு, சுவரை அரிக்கும் என்சைம்கள். ‘எம்.எம்.பி-9’ இந்த வகை. ரத்தக்குழாய்க்கு உறுதி தரும் நார்ப்பொருளை இது சிதைக்கும்.

மூன்று, ரத்த வெள்ளை அணுக்களின் மரபணுச் செயல்பாடு. அமெரிக்காவின் பஃபலோ பல்கலைக்கழகக் குழு 2018-ல் இதைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டது. அனியூரிசம் இருப்பவர்களின் நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுக்களில் 82 மரபணுக்களின் செயல்பாடு மாறியிருந்தது. வெடிக்காத அனியூரிசம்கூட ரத்தத்தில் ஒரு கைரேகையை விட்டுச்செல்லலாம் என்ற நம்பிக்கையைத் தந்த ஆய்வு இது. ஆனால் பரிசோதிக்கப்பட்டவர்கள் மிகச் சிலர். ‘அனியூரிசம் இருக்கிறதா’ என்பதுதான் அதன் கேள்வி. ‘எப்போது வெடிக்கும்’ என்பது வேறு கேள்வி. செய்தித் தலைப்புகளில் இந்த இரண்டும் ஒன்றாகக் குழம்பிவிடுகின்றன. நாங்கள் எழுதிய தலைப்பிலும் அதே குழப்பம்தான்.

அப்புறம் என்ன சிக்கல்?

முதல் சிக்கல்: சின்னச் சத்தம், பெரிய கூட்டம். அனியூரிசம் சில மில்லிமீட்டர்தான். அதன் சுவரிலிருந்து கசியும் தடயம் ஐந்து லிட்டர் ரத்தத்தில் கரைந்துபோகும். சி.ஆர்.பி. காய்ச்சலிலும் ஏறும், ஈறு வீங்கினாலும் ஏறும், மூட்டுவாதத்திலும் ஏறும். கோயில் திருவிழாவில் ஒருவர் மட்டும் முணுமுணுப்பதைத் தெருக்கோடியில் நின்று கேட்கிற மாதிரி.

இரண்டாவது சிக்கல்: எது முன்னால், எது பின்னால்? பல ஆய்வுகள் அனியூரிசம் வெடித்து ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களின் ரத்தத்தை, வெடிக்காதவர்களின் ரத்தத்தோடு ஒப்பிடுகின்றன. முதல் குழுவில் அழற்சி அதிகமாகத்தான் இருக்கும். மூளையைச் சுற்றி ரத்தம் கொட்டிய பிறகு உடல் சும்மா இருக்குமா? வீடு எரிந்த பிறகு புகையை அளந்துவிட்டு, ‘புகைதான் நெருப்புக்கு முன்னறிவிப்பு’ என்று சொல்ல முடியாது.

சரியாகச் செய்ய வேண்டுமென்றால், வெடிக்காத அனியூரிசம் உள்ள பல ஆயிரம் பேரின் ரத்தத்தை இன்றே எடுத்துச் சேமித்து, பல ஆண்டுகள் காத்திருந்து, யாருக்கு வெடிக்கிறது என்று பார்க்க வேண்டும். அதிலும் ஒரு முட்டுக்கட்டை. ஆபத்தாகத் தெரியும் அனியூரிசத்தை யாரும் பார்த்துக்கொண்டு இருக்க மாட்டார்கள், சிகிச்சை செய்துவிடுவார்கள். வெடித்திருக்கக்கூடியவை கணக்கிலிருந்தே போய்விடும்.

‘90% துல்லியம்’ என்றால் போதாதா?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இது கற்பனையான டெஸ்ட். நோய் இருப்பவர்களில் 90 சதவிகிதத்தினரைச் சரியாகப் பிடிக்கும். இல்லாதவர்களில் 90 சதவிகிதத்தினரைச் சரியாக விட்டுவிடும்.

ஒரு லட்சம் பேருக்கு இந்த டெஸ்ட் செய்கிறோம். அவர்களில் அனியூரிசம் உள்ளவர்கள் 3,000 பேர். டெஸ்ட் 2,700 பேரைப் பிடிக்கும். நல்லது. ஆனால் அனியூரிசம் இல்லாத 97,000 பேரில் 10 சதவிகிதம், அதாவது 9,700 பேருக்கும் ‘பாசிட்டிவ்’ என்று சொல்லிவிடும். மொத்தம் 12,400 பாசிட்டிவ். அதில் உண்மை 2,700 மட்டும். நூற்றுக்கு 22 பேர். மீதி 78 பேர் காரணமே இல்லாமல் தூக்கம் தொலைத்து, ஸ்கேனுக்குக் காசு செலவழிப்பார்கள்.

இப்போது ‘வெடிக்குமா’ என்ற கேள்வி. அந்த 3,000 பேரில் ஓர் ஆண்டில் 10 பேருக்கு வெடிக்கும் என்று வைத்துக்கொள்வோம். அதே 90 சதவிகித டெஸ்ட் 9 பேரைப் பிடிக்கும். வெடிக்கப்போகாத 2,990 பேரில் 299 பேரையும் சேர்த்துப் பிடிக்கும். மொத்தம் 308 பேரில் 9 பேர்தான் உண்மை.

அந்த 308 பேருக்கும் சிகிச்சை செய்துவிட்டால்? வெடிக்காத அனியூரிசத்துக்குச் செய்யும் சிகிச்சையில் சிக்கல் வரும் வாய்ப்பு, குழாய் வழியாகச் செய்யும் ‘காயிலிங்’ முறையில் சுமார் 5 சதவிகிதம், திறந்து செய்யும் ‘கிளிப்பிங்’ முறையில் சுமார் 8 சதவிகிதம் என்று 2019-ல் வெளியான தொகுப்பாய்வு சொல்கிறது. 5 சதவிகிதம் என்று எடுத்தாலே 15 பேர். அந்தச் சிக்கல்கள் எல்லாமே உயிர் போகிற ரகம் இல்லை. பல ஆண்டுகளைச் சேர்த்துக் கணக்கிட்டால் சிகிச்சையின் பலனும் கூடும். இருந்தாலும் 9 பேரைக் காப்பாற்றக் கிளம்பி 15 பேரைச் சிக்கலில் மாட்டிவிடும் ஒரு கணக்கை எந்த மருத்துவரும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்க மாட்டார்.

மாரடைப்புக்கு ரத்த டெஸ்ட் இருக்கிறதே?

இருக்கிறது. ‘ட்ரோபோனின்’. ஆனால் அது மாரடைப்பு வரப்போகிறது என்று சொல்வதில்லை. இதயத் தசை சேதமான பிறகு ரத்தத்தில் கசியும் புரதம் அது. நடந்து முடிந்ததைச் சொல்லும் டெஸ்ட்.

இங்கே இன்னொரு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். மூளையில் ரத்தக்கசிவு ஏற்படும்போது இதயமும் அதிர்ச்சிக்கு உள்ளாகும். ஈ.சி.ஜி. மாறலாம், ட்ரோபோனினும் ஏறலாம். அதை மட்டும் பார்த்துவிட்டு மாரடைப்பு என்று நினைத்து ரத்தத்தை இளக்கும் மருந்து கொடுத்தால், மூளைக் கசிவு மோசமாகிவிடும். ரத்த ரிப்போர்ட்டை மட்டும் படிப்பதற்கும் நோயாளியிடம் ‘முதலில் எங்கே வலித்தது’ என்று கேட்பதற்கும் இருக்கும் வித்தியாசம் இங்கே உயிர் சம்பந்தப்பட்டது.

மூளைக்கும் ரத்த டெஸ்ட் வந்திருக்கிறது. தலையில் லேசான அடிபட்டவர்களுக்கு சி.டி. ஸ்கேன் தேவையா என்று முடிவெடுக்க உதவும் ஒரு டெஸ்ட்டுக்கு, 2018-ல் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. அனுமதி தந்தது. ‘ஜி.எஃப்.ஏ.பி.’, ‘யு.சி.எச்-எல்1’ என்ற இரண்டு புரதங்களை அது அளக்கிறது. அதுவும் அடிபட்ட பிறகு செய்யும் டெஸ்ட்தான். அனியூரிசத்துக்காக வந்ததும் இல்லை.

அப்போ இந்த ஆராய்ச்சியெல்லாம் வீணா?

இல்லவே இல்லை. ஊர் முழுக்க எல்லோருக்கும் செய்யும் டெஸ்ட்டாக யோசிப்பதை விட்டுவிட்டு, சரியான இடத்தில் வைத்துப் பார்த்தால் பயன் தெரியும்.

ஏற்கெனவே ஸ்கேனில் அனியூரிசம் தெரிந்து, ‘ஆபரேஷனா, காத்திருப்பதா’ என்ற குழப்பத்தில் இருப்பவருக்கு, ஸ்கேனோடு சேர்த்து ரத்தமும் ஒரு துப்பு கொடுத்தால் முடிவெடுப்பது எளிதாகும். வெடித்துச் சிகிச்சை பெற்றவர்களுக்கு இன்னொரு ஆபத்து உண்டு. நான்காம் நாளிலிருந்து இரண்டு வாரம் வரை மூளைக்கு ரத்த ஓட்டம் குறைந்து இரண்டாவது சேதம் வரலாம். அது யாருக்கு வரும் என்று முன்பே தெரிந்தால், ஐ.சி.யூ.வில் அவரைக் கூடுதலாகக் கவனிக்கலாம். வெடிப்பைக் கணிப்பதைவிட இது சீக்கிரம் கைகூட வாய்ப்புள்ள இலக்கு என்று எங்களுக்குத் தோன்றுகிறது. அடுத்து வரும் ஆய்வுகளில் நம் நாட்டு நோயாளிகளின் ரத்தமும் இடம்பெற வேண்டும். இல்லையென்றால் ‘ஃபேசஸ்’ கதைதான் திரும்பவும் நடக்கும்.

நாம் இப்போது செய்ய வேண்டியது என்ன?

ரத்தம் சொல்லாததை நம் தலை சொல்லும். அனியூரிசம் வெடிக்கும்போது வரும் வலி, மெல்ல ஏறும் தலைவலி மாதிரி இருக்காது. இடி இறங்கியதுபோலத் திடீரென்று வந்து, ஒரு நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொடும். ‘என் வாழ்க்கையிலேயே இப்படி ஒரு வலி வந்ததில்லை’ என்பார்கள். கூடவே வாந்தி, கழுத்து இறுக்கம், வெளிச்சத்தைப் பார்க்க முடியாமை, மயக்கம், வலிப்பு வரலாம். சிலருக்குப் பெரிய வெடிப்புக்குச் சில நாட்கள் முன்பே சின்னக் கசிவால் இதேபோலத் திடீர் வலி வந்துவிட்டுப் போவதும் உண்டு.

இப்படி வந்தால் மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிப் போட்டுப் படுக்காதீர்கள். குறிப்பாக ஆஸ்பிரின் வேண்டவே வேண்டாம். நேரத்தைக் குறித்துக்கொண்டு 108-ஐ அழையுங்கள். நேரத்தை ஏன் குறிக்கச் சொல்கிறோம்? கனடாவில் 3,132 பேரிடம் நடத்தி 2011-ல் வெளியான ஆய்வில், வலி தொடங்கிய 6 மணி நேரத்துக்குள் எடுத்த சி.டி. ஸ்கேன், ரத்தக்கசிவு இருந்த அத்தனை பேரையும் கண்டுபிடித்தது. 6 மணி நேரம் தாண்டியபோது சுமார் 14 சதவிகிதம் பேரைத் தவறவிட்டது. தாமதமாகப் போனால் முதுகுத்தண்டு நீரையும் எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும்.

ஆஸ்பத்திரியில், “திடீர்னு, ஒரே நிமிஷத்துல வந்தது” என்று அழுத்திச் சொல்லுங்கள். அமெரிக்காவில் 482 நோயாளிகளை வைத்து 2004-ல் வெளியான ஆய்வில், 12 சதவிகிதம் பேருக்கு முதலில் வேறு நோய் என்றே சொல்லி அனுப்பியிருந்தார்கள். அப்படித் தவறாகச் சொன்னவற்றில் அதிகம் இடம்பெற்றது ஒற்றைத் தலைவலி அல்லது டென்ஷன் தலைவலி. அங்கே நடந்த பொதுவான தவறு, சி.டி. எடுக்காமல் விட்டது.

வலி வரும் வரை காத்திருக்கவும் தேவையில்லை. அனியூரிசம் வெடிக்கும் ஆபத்தைக் கூட்டுவதில் நம் கையில் இருக்கும் முக்கியக் காரணங்கள் இரண்டு: சிகரெட், கட்டுப்படாத ரத்த அழுத்தம். பிரஷர் மாத்திரையை ‘இப்போ நல்லாத்தானே இருக்கேன்’ என்று நிறுத்திவிடும் அப்பாவோ அத்தையோ உங்கள் வீட்டிலும் இருக்கலாம். அவர்களிடம் இன்றைக்கே பேசுங்கள்.

பெற்றோர், உடன்பிறந்தவர், பிள்ளைகள் என்ற நெருங்கிய ரத்த உறவில் இரண்டு பேருக்கோ அதற்கு மேலோ அனியூரிசமோ இந்த ரத்தக்கசிவோ வந்திருந்தால், நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். குடும்பத்தில் சிறுநீரகத்தில் நிறைய நீர்க்கட்டி வரும் பரம்பரை நோய் இருந்தாலும் அவரிடம் சொல்லுங்கள். ஊசி குத்தாத எம்.ஆர். ஆஞ்சியோ ஸ்கேன் தேவையா என்று அவர் முடிவு செய்வார். மற்றவர்கள் பயந்துபோய் ஸ்கேனுக்கு ஓட வேண்டாம்.

நாளைக்கே ஏதாவது ஹெல்த் செக்கப் பேக்கேஜில் ‘மூளை ரத்தக்குழாய் வெடிப்பைக் கணிக்கும் டெஸ்ட்’ என்று ஒரு வரி சேரலாம். அப்போது இரண்டே கேள்வி கேளுங்கள்: ‘பாசிட்டிவ் வந்தவர்களில் நூற்றுக்கு எத்தனை பேருக்கு உண்மையிலேயே வெடித்தது?’ ‘பாசிட்டிவ் வந்தால் அடுத்து என்ன செய்வீர்கள்?’ இரண்டுக்கும் நேரான பதில் வரவில்லையென்றால் காசை எடுத்துப் பையில் வையுங்கள்.

எங்கள் டெஸ்க்கில் அந்தப் பழைய தலைப்பை அழித்துவிட்டோம். கிளிக் குறையும்தான். பரவாயில்லை.